மூளையில் குடியேறும் நாடாப்புழு: மருந்து உண்டு, அவசரம் ஆகாது

புது தில்லி: குளிர்காலம் தொடங்கிவிட்டால் தில்லியின் காய்கறிச் சந்தைகளில் முட்டைக்கோஸ் மலைபோல் குவிந்து கிடக்கும். விலையும் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனாலும் அதை வாங்கத் தயங்கும் குடும்பங்கள் வட மாநிலங்களில் ஏராளம். முட்டைக்கோஸின் இலை மடிப்புகளில் உள்ள புழு வயிற்றுக்குள் சென்று, அங்கிருந்து மூளைக்கு ஏறிவிடும் என்பது இப்பகுதிகளில் பரவலாக உள்ள நம்பிக்கை.

இதில் பாதி உண்மை, பாதி பிழை. மனித மூளையில் புழு தங்குவது உண்மை. ஆனால், முட்டைக்கோஸில் நெளியும் பச்சைப் புழுவுக்கும் அதற்கும் தொடர்பு ஏதுமில்லை. மூளைக்குச் செல்வது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு. அதன் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாதவை. மனிதக் கழிவு கலந்த மண்ணிலோ நீரிலோ விளைந்து, சரியாகக் கழுவப்படாமல் பச்சையாக உண்ணப்படும் எந்தக் காய்கறியிலும் அவை இருக்கக்கூடும். முட்டைக்கோஸை விலக்கிவிட்டு, வெள்ளரியையும் கொத்துமல்லியையும் கழுவாமல் உண்பவருக்குப் பாதுகாப்பு இல்லை.

மருத்துவ உலகம் "நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்" என்று குறிப்பிடும் இந்நோய், இந்தியாவில் வலிப்பு நோய்க்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. பன்றி நாடாப்புழு பரவியுள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வேலூரின் நகர்ப்புற, கிராமப்புறப் பகுதிகளில் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஆய்வும், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் தங்கிய இளம்புழுவே காரணம் என்று கண்டறிந்தது.

இந்நோய்க்கு மருந்து இருக்கிறது. 40 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. விலையும் அதிகமில்லை. ஆனால், அம்மருந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எவற்றைச் சோதித்த பிறகு கொடுப்பது என்பதில்தான் நோயாளியின் உயிரும் பார்வையும் அடங்கியிருக்கின்றன. "புழு" என்ற சொல்லைக் கேட்டதும் அதை உடனே கொன்றுவிட வேண்டும் என்று துடிக்கும் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது.

பயஸுக்கு வந்த நோய்

பொதுமக்களில் பலர் இந்நோயின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2003-ம் ஆண்டு ஆகஸ்டில். அவ்வாண்டு விம்பிள்டனில் மார்ட்டினா நவரத்திலோவாவுடன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்ற சில வாரங்களில், டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஓர்லாண்டோவில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி இருப்பதாகவும், அது புற்றுநோயாக இருக்கலாம் என்றும் முதலில் அஞ்சப்பட்டது. நாடு முழுவதும் கவலை பரவியது. பின்னர், அது நாடாப்புழுவின் இளம்புழுவால் வந்த கட்டி எனத் தெரியவந்தது. சிகிச்சை பெற்றுக் குணமடைந்த பயஸ், அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியில் மகேஷ் பூபதியுடன் இணைந்து ஆடி நான்காம் இடம் பெற்றார்.

வசதி படைத்தவர்களையும் இந்நோய் விடுவதில்லை என்பதையும், முறையான சிகிச்சை கிடைத்தால் மீண்டு வர முடியும் என்பதையும் அந்த ஒரு நிகழ்வு காட்டியது.

சைவ உணவினருக்கும் வருவது ஏன்?

பன்றி நாடாப்புழு மனிதனை இரு வழிகளில் பற்றுகிறது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதல் வழி, சரியாக வேகாத பன்றி இறைச்சி. நோயுற்ற பன்றியின் தசைகளில் ஜவ்வரிசி போன்ற சிறு நீர்க்கட்டிகள் இருக்கும். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஓர் இளம்புழு சுருண்டிருக்கும். அதை உண்பவரின் குடலில் அப்புழு ஒட்டிக்கொண்டு, சில மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து முழு நாடாப்புழுவாகிறது. இவருக்குப் பெரும்பாலும் பெரிய தொல்லை எதுவும் தெரிவதில்லை. ஆனால், இவரது மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி, அந்த முட்டைகளையே விழுங்குவது. குடலில் நாடாப்புழு உள்ளவர் மலம் கழித்த பின் சோப்பு போட்டுக் கை கழுவாமல் உணவு பரிமாறினால் போதும். முட்டைகள் அடுத்தவர் வயிற்றுக்குச் சென்றுவிடும். அங்கே ஓடு கரைந்து வெளிவரும் கரு, குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசை, தோலின் அடிப்பகுதி, கண், மூளை என எங்கு வேண்டுமானாலும் சென்று தங்குகிறது. அதாவது, பன்றிக்கு நேர வேண்டியது மனிதனுக்கு நேர்ந்துவிடுகிறது.

மூளை நோய் வருவது இந்த இரண்டாவது வழியில்தான். ஆகவே, வாழ்நாளில் இறைச்சியைத் தொட்டுப் பார்க்காதவருக்கும் இது வரும். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் கண்டறியப்பட்டால், அந்த வீட்டிலோ, அங்கு சமைப்பவர்களிடத்திலோ குடல் நாடாப்புழு உள்ள ஒருவர் இருக்கிறாரா என்று தேடுவது அவசியம் என மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். லக்னௌவை அடுத்த மோகன்லால்கஞ்ச் வட்டாரத்தில் பன்றி வளர்க்கும் மக்களிடையே நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, 18.6 சதவீதம் பேரின் குடலில் நாடாப்புழு இருந்ததாகக் கூறுகிறது.

தோலில் தெரியும் தடயம்

இளம்புழு தோலுக்கு அடியில் தங்கும்போது, பட்டாணி அளவிலோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ சிறு கட்டிகள் தோன்றும். தொட்டால் உருளும், பெரும்பாலும் வலிக்காது. கை, கால், மார்பு, முதுகு என எங்கும் வரலாம். கொழுப்புக் கட்டி என்று எண்ணிப் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால், மூளையில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் தடயம் பல வேளைகளில் இந்தத் தோல் கட்டியே. ஸ்கேன் கருவிகள் இல்லாத காலத்தில் இதை முதலில் உணர்ந்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள். இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பிய சிப்பாய்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு வரத் தொடங்கியது. அவர்களது தோலுக்கு அடியில் இருந்த கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது இளம்புழு தென்பட்டது. இத்தகைய 450 பேரின் நோய் வரலாற்றை டிக்சன், லிப்ஸ்கோம்ப் ஆகியோர் தொகுத்து 1961-ல் வெளியிட்டனர். தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து வலிப்பு வரக்கூடும் என்ற உண்மை அந்தத் தொகுப்பிலிருந்துதான் உறுதிப்பட்டது.

தோலில் மட்டும் கட்டி இருந்தால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படுவதில்லை. வலி கொடுக்கும் கட்டியை மட்டும் சிறிய அறுவை சிகிச்சையால் அகற்றிவிடலாம். ஆனால், தோலில் கட்டி இருப்பவருக்கு மூளையிலும் கண்ணிலும் இருக்கிறதா என்று பார்க்காமல் புழுக்கொல்லி மருந்தைக் கொடுப்பது ஆபத்தானது. மருந்து தோலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து மூளைக்கும் செல்கிறது. அங்கே உள்ள புழுவையும் அது கொல்லத் தொடங்கும்.

காசநோய் மருந்தில் கழிந்த காலம்

சி.டி. ஸ்கேன் கருவிகள் 1980-களில் இந்திய நகரங்களுக்கு வந்தபோது, வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைக் கட்டி தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடு என்பதால், இது காசநோய்க் கட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் முடிவு செய்தனர். நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டன. சில மாதங்களில் கட்டி மறைந்துவிடவே, மருந்து பலித்துவிட்டது என்று நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும். இத்தகைய கட்டிகளை அறுவை சிகிச்சையின் மூலம் எடுத்து நுண்ணோக்கியில் சோதித்த அக்குழு, அவை நாடாப்புழுவின் இளம்புழுவால் வந்தவை என்று 1989-ல் லான்செட் இதழில் தெரிவித்தது. அறுவை சிகிச்சை செய்யாமலேயே காசநோய்க் கட்டியையும் புழுக் கட்டியையும் பிரித்தறியும் அளவுகோல்களை 1993-ல் அக்குழு வெளியிட்டது. 20 மில்லி மீட்டருக்கும் குறைவான அளவு, தலைக்குள் அழுத்தம் கூடாத நிலை, நாளுக்கு நாள் மோசமாகும் நரம்புக் குறைபாடு இல்லாமை, உடலில் வேறெங்கும் காசநோய் தெரியாமை ஆகியவை புழுக் கட்டியைச் சுட்டும் அடையாளங்கள் ஆயின.

மருந்து கொடுக்காவிட்டாலும் பல கட்டிகள் தாமாகவே மறைந்துவிடும் என்பதுதான் இதில் வெளிப்பட்ட உண்மை. வலிப்பு வந்து ஸ்கேன் எடுக்கும் வேளையில், அந்தப் புழு பெரும்பாலும் ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கிறது. உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதை அடையாளம் கண்டு தாக்குவதால் உண்டாகும் வீக்கமே வலிப்பைத் தூண்டுகிறது. தானாக மறையவிருந்த கட்டிக்குரிய பெருமை காசநோய் மருந்துக்குச் சென்றது. தேவையற்ற மருந்துகளின் பக்க விளைவுகளையும் செலவையும் நோயாளிகள் சுமந்தனர்.

மருந்தும் அதன் வரம்பும்

மூளையில் உள்ள இளம்புழுவுக்கு மருந்து உண்டு என்ற செய்தி மெக்சிகோவிலிருந்து வந்தது. பிராசிகுவாண்டல் என்ற மருந்து பலன் அளிப்பதாக 1979-ல் அங்குள்ள மருத்துவர்கள் அறிவித்தனர். அல்பெண்டசோல் பலன் அளிப்பதை 1987-ல் அதே நாட்டின் மருத்துவர்கள் தெரிவித்தனர். புழு உணவாகக் கொள்ளும் குளுக்கோஸை அது உறிஞ்சவிடாமல் செய்து பட்டினி போட்டுக் கொல்வது அல்பெண்டசோலின் செயல்பாடு. புழுவின் உடலில் கால்சியம் மிகுதியாகப் புகச் செய்து, அதை விறைக்க வைத்துக் கொல்வது பிராசிகுவாண்டலின் செயல்பாடு.

தானாகவே மறையும் கட்டிக்கு இம்மருந்துகள் உண்மையில் உதவுகின்றனவா என்ற கேள்வி இந்தியாவில் தீவிரமாக எழுந்தது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைக் கட்டி உள்ளவர்களில் அல்பெண்டசோல் பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவர்கள் குழந்தைகளிடம் நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆய்வோ, அல்பெண்டசோல் பெற்றவர்களுக்குக் கட்டி விரைவில் மறைந்ததாகக் கூறியது. பின்னர் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒற்றைக் கட்டி உள்ளவர்களுக்கும் இம்மருந்தால் நன்மை உண்டு என்ற கருத்து வலுப்பெற்றது.

உயிருள்ள புழுக்கள் பல இருப்பவர்களின் நிலை வேறு. பெரு நாட்டின் லிமா நகரில் 120 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான ஆய்வு, அல்பெண்டசோலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு, உடல் முழுவதும் பரவும் வலிப்பு 67 சதவீதம் குறைந்ததாகத் தெரிவித்தது. அல்பெண்டசோலையும் பிராசிகுவாண்டலையும் ஒன்றாகக் கொடுத்தால் பல கட்டிகள் உள்ளவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது என்பதைப் பெரு நாட்டிலேயே நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு 2014-ல் காட்டியது.

இவற்றின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சிகிச்சை நெறிமுறைகளை வெளியிட்டது. உயிருள்ள கட்டிகள் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் அல்பெண்டசோல். இரண்டுக்கு மேல் இருந்தால் இரு மருந்துகளும். எந்த நிலையிலும் ஸ்டீராய்டுடன் சேர்த்தே. சுண்ணாம்பாக இறுகிப்போன கட்டிக்குப் புழுக்கொல்லி மருந்தே கூடாது. இறந்த புழுவை மீண்டும் கொல்ல வேண்டியதில்லை. அந்த நோயாளிக்குத் தேவை வலிப்பைத் தடுக்கும் மருந்து மட்டுமே.

புழு சாகும் வேளை

மூளையில் உயிருடன் இருக்கும் புழு, பல ஆண்டுகள் தன் இருப்பைக் காட்டிக்கொள்வதில்லை. உடலின் எதிர்ப்பு ஆற்றலை ஏமாற்றும் திறன் அதற்கு உண்டு. அது சாகும்போதுதான் சுற்றியுள்ள மூளைத் திசு வீங்குகிறது. ஒரு புழு சாகும்போது ஏற்படும் வீக்கத்தை மூளை தாங்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் செத்தால் மண்டை ஓட்டுக்குள் அந்த வீக்கத்துக்கு இடமில்லை. தலைக்குள் அழுத்தம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

இதற்குச் சான்று, தில்லியை ஒட்டியுள்ள ஃபரீதாபாதில் நிகழ்ந்த ஒரு துயரம். அங்குள்ள இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வலிப்புடன் ஓர் இளைஞர் கொண்டுவரப்பட்டார். வலது கண்ணருகே வீக்கம் இருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை முழுவதும் எண்ணற்ற கட்டிகள் தென்பட்டன. கண்ணிலும் கட்டி இருந்தது. புழுக்கொல்லி மருந்து கொடுத்தால் மூளை வீக்கம் மோசமாகும், பார்வையும் போய்விடும் என்பதால் மருத்துவர்கள் அதைக் கொடுக்கவில்லை. ஸ்டீராய்டும் வலிப்புத் தடுப்பு மருந்தும் மட்டுமே அளித்தனர். ஆனாலும் இரு வாரங்களில் அவர் உயிரிழந்தார். இதை அம்மருத்துவர்கள் 2019 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பதிவு செய்தனர். அந்த ஸ்கேன் படம் உலகெங்கும் செய்தியானது.

படத்தைப் பார்த்தவர்கள் பலரும் கேட்ட கேள்வி, "மருந்து இருந்தும் ஏன் கொடுக்கவில்லை?" என்பது. கொடுக்காததே அந்த நிலையில் முறையான மருத்துவம். நோய் அவ்வளவு முற்றிய பின், புழுவைக் கொல்லும் மருந்தே நோயாளிக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

எது முதலில்?

சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வலிப்பைக் கட்டுப்படுத்த வேண்டும். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் அதைக் குறைக்க வேண்டும்; மூளை நீர்ப் பாதை அடைபட்டிருந்தால் அறுவை சிகிச்சையால் நீரை வடிக்க வேண்டியிருக்கும். அடுத்து, கண் மருத்துவரைக் கொண்டு கண்ணின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும். கண்ணுக்குள் புழு இருந்தால், அது சாகும்போது ஏற்படும் அழற்சி பார்வையைப் பறித்துவிடும். அதை அறுவை சிகிச்சையால் அகற்றுவதே வழி. ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் காசநோய் போன்ற மறைந்திருக்கும் தொற்றுகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் முடிந்து, ஸ்டீராய்டு தொடங்கப்பட்ட பிறகே புழுக்கொல்லி மருந்து. புழுவைக் கொல்வது ஒருபோதும் அவசர சிகிச்சை அல்ல என்பதே உலக அளவில் ஏற்கப்பட்டுள்ள கோட்பாடு.

அல்பெண்டசோலின் வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லி கிராம். இது இரு வேளையாகப் பிரித்து, பொதுவாக 10 முதல் 14 நாள்கள் வரை கொடுக்கப்படுகிறது. கொழுப்புள்ள உணவுடன் உட்கொண்டால்தான் மருந்து போதிய அளவு உடலில் சேரும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்ற வலிப்பு மருந்துகள் புழுக்கொல்லி மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடக்கூடும். டெக்ஸாமெத்தசோன் பிராசிகுவாண்டலின் அளவைக் குறைக்கும். சிகிச்சை நீண்டால் கல்லீரலின் செயல்பாட்டையும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் கவனித்துவர வேண்டும். கருவுற்ற பெண்களுக்குப் பெரும்பாலும் பிரசவம் வரை புழுக்கொல்லி மருந்து தள்ளிவைக்கப்படுகிறது. ஆகவே, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி உண்ணும் மருந்தாக இதைக் கருதலாகாது.

வலிப்பு நின்றுவிட்டது என்பதற்காக வலிப்பு மருந்தை நோயாளியே நிறுத்துவதும் கூடாது. கட்டி முழுமையாக மறைந்துவிட்டதா, தழும்பாக இறுகி நிற்கிறதா என்பதை ஸ்கேன் மூலம் பார்த்த பிறகே மருத்துவர் அதை முடிவு செய்ய இயலும். இறுகி நிற்கும் கட்டி, ஆண்டுகள் கழித்தும் வலிப்பைத் தூண்டக்கூடும்.

குடற்புழு மாத்திரை வேறு

மத்திய அரசு 2015 பிப்ரவரியில் தேசிய குடற்புழு நீக்க நாளைத் தொடங்கியது. ஒரு வயது முதல் 19 வயது வரையிலானவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், இதை விழுங்கிய பிள்ளைக்கு மூளைப் புழு வராது என்று சில பெற்றோர் எண்ணுகின்றனர்.

அது அப்படியல்ல. அங்கு கொடுக்கப்படுவது 400 மில்லி கிராம் மாத்திரை ஒன்று. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் பாதி. உருளைப்புழு, கொக்கிப்புழு போன்ற குடற்புழுக்களை நீக்குவதற்கான அளவு அது. மூளைக் கட்டிக்கு, 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 10 நாள்களில் ஏறத்தாழ 7,500 மில்லி கிராம் தேவைப்படும். ஒற்றை மாத்திரை மூளைப் புழுவைக் குணப்படுத்தாது.

குடற்புழு நீக்கத்தால் குழந்தைகளுக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. அதைத் தவிர்க்கக் காரணமில்லை. வலிப்பு வந்திருந்தாலோ, தோலில் கட்டிகள் இருந்தாலோ, அதை முன்கூட்டியே தெரிவித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மூளையில் மறைந்திருக்கும் கட்டி இத்தகைய மருந்துக்கு எதிர்வினை காட்டித் தலைவலியோ வலிப்போ வருவது அரிது, ஆனாலும் நிகழக்கூடும். குடலில் உள்ள நாடாப்புழுவை அகற்ற நிக்ளோசமைடு என்ற மருந்து விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அது குடலைத் தாண்டி உடலில் சேர்வதில்லை. மூளையில் உள்ள கட்டியைத் தொந்தரவு செய்வதும் இல்லை.

சட்டத்திலிருந்து நீங்கிய சொல்

வலிப்பு வந்தவர் சுமக்கும் சுமை உடலோடு முடிவதில்லை. 1976-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருவது இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மணம் புரியத் தகுதிக் குறைவாகச் சேர்க்கப்பட்டது. மனநோயுடன் வலிப்பும் ஒரே வரியில் வைக்கப்பட்டது. திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரும் வழக்குகளில் இப்பிரிவு ஆயுதமானது. மருத்துவர்கள் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக, 1999-ல் திருமணச் சட்டங்கள் திருத்தப்பட்டு "வலிப்பு" என்ற சொல் இரு சட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டது.

சட்டம் மாறி கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால், பெண்ணுக்கு வலிப்பு என்றால் மறைக்கும் குடும்பங்களும், அதை அறிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் குடும்பங்களும் இன்றும் உள்ளன. மறைப்பதால் சிகிச்சை தடைபடுகிறது. ஒற்றைக் கட்டியால் வந்த வலிப்பு, பலருக்குச் சில மாதங்களில் அல்லது ஓரிரு ஆண்டுகளில் மருந்தே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகிறது. வாழ்நாள் சாபமாகக் கருதப்படும் வலிப்பு நோய்களில், முழுமையாகக் குணமாகும் வாய்ப்புள்ளது இது.

மூன்று அமைச்சகங்கள், ஒரு புழு

நோய் வந்தவருக்கு மருந்து கொடுப்பதால் நாடாப்புழுவின் சுழற்சி நின்றுவிடாது. மூளையில் உள்ள இளம்புழு முட்டையிடுவதில்லை. அது யாருக்கும் பரவுவதும் இல்லை. பரப்புவது குடலில் உள்ள புழு. அதற்குப் பன்றியும் திறந்தவெளியும் வேண்டும்.

இங்குதான் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரம், துப்புரவு, கால்நடை நோய்த் தடுப்பு ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. மத்தியில் நோயாளி சுகாதார அமைச்சகத்துக்கும், பன்றி கால்நடை அமைச்சகத்துக்கும், கழிப்பறை ஜல சக்தி அமைச்சகத்துக்கும் உரியவை. இறைச்சியின் தரமோ 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் வருகிறது. நாடாளுமன்றத்தில் இந்நோய் குறித்து ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்ப விரும்பினால், எந்த அமைச்சருக்கு அனுப்புவது என்பதே முதல் சிக்கலாகிவிடும்.

2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 90 லட்சம் பன்றிகள் உள்ளன. இவற்றில் கணிசமானவை ஏழை எளிய மக்களால், தெருவில் மேயவிட்டு வளர்க்கப்படுபவை. தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ் 2014 முதல் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டுள்ளதாக மத்திய அரசு கூறுகிறது. ஆயினும், 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வு, 19 சதவீதக் குடும்பங்கள் திறந்தவெளியையே நாடுவதாகத் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 39 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம் பெரிதுதான், ஆனால், மீதமுள்ள 19 சதவீதமும் பன்றி மேயும் பகுதிகளும் ஒன்று சேரும் இடங்களில் புழுவுக்குத் தடையில்லை.

பன்றிக்குப் போட வேண்டிய தடுப்பூசி நம் நாட்டிலேயே தயாராகிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய தடுப்பூசியை, ஹைதராபாதில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் "சிஸ்வாக்ஸ்" என்ற பெயரில் தயாரிக்கிறது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்துக்குச் சொந்தமான நிறுவனம் அது. ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தையும் இந்தத் தடுப்பூசியையும் சேர்த்துக் கொடுத்தால், பன்றியின் தசையில் இளம்புழு தங்குவதை ஏறக்குறைய முழுவதும் தடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால், நோயுற்ற பன்றி வெளிப்பார்வைக்குக் கொழுத்து நலமாகவே இருக்கும். அன்றாடப் பிழைப்புக்காக நான்கைந்து பன்றிகளை வளர்ப்பவர், தனக்கு நேரடி இலாபம் தராத ஊசிக்குத் தன் கையிலிருந்து செலவு செய்வார் என்று எதிர்பார்க்க இயலாது. அதன் பயன் முட்டையை விழுங்க நேரும் யாரோ ஒருவருக்கு. அந்தச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்த பிறகு எடுக்கும் ஸ்கேன், மாதக்கணக்கில் வாங்கும் மாத்திரை, பெற்றோர் இழக்கும் கூலி ஆகியவற்றுடன் ஒப்பிட்டால் அது பெருஞ்செலவாகாது.

அதுவரை வீடுகளில் செய்யக்கூடியவை எளியவை: மலம் கழித்த பின்னும் சமைப்பதற்கு முன்னும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, பச்சையாக உண்ணும் காய்கறிகளை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவது, பன்றி இறைச்சியை முழுமையாக வேகவைப்பது, வீட்டில் ஒருவருக்கு நாடாப்புழு வெளியேறுவது தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் செல்வது. முதன்முறையாக வலிப்பு வந்தவரை மந்திரிக்க அழைத்துச் செல்லாமல், இரும்பைக் கையில் கொடுத்துக் காத்திருக்காமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அவற்றில் முதன்மையானது. மூளையில் புழு என்று அங்கு சொல்லப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. கண் பரிசோதனை முடிந்ததா, ஸ்டீராய்டு தொடங்கப்பட்டதா என்று கேட்ட பிறகு, புழுக்கொல்லி மாத்திரையை வாயில் போட்டால் போதும்.